எந்த ஆட்சியின் தூசி

தன்னை யாராவது 'மாவீரர்' என்று அழைத்தால் பாம்பு முதலில் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். அந்த வார்த்தை காதில் விழுந்த நாளிலெல்லாம் தன்னிடமிருந்து ஏதோ ஒன்று பறிபோயிருக்கிறது என்பது அவருடைய அனுபவம். முதல் தடவை அப்படி அழைத்தபோது மிகைநேரப் படி போனது. அடுத்த தடவை மேடையேற்றி, ஒலிபெருக்கி வைத்து அழைத்தபோது மீட்புப் படை நிலையத்தின் ஆம்புலன்ஸ் போனது. அதைத் திரும்ப வாங்குவதற்கு அலைந்த அலைச்சலில் அதன் டிரைவர் ஓய்வே பெற்றுவிட்டார். இப்போது சட்டமன்றத்தின் கூட்டு ஆய்வுக் குழு அவரைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருந்தது. அழைப்பில் பத்திக்குப் பத்தி மாவீரர்.

"இவ்வளவு மரியாதையா கூப்பிடறாங்கன்னா பெருசா எதுலயோ கை வைக்கப் போறாங்க," என்றார் தங்கையிடம்.

தங்கைக்குச் சந்தேகப்படக்கூட நேரமில்லை. மருத்துவமனைக்குக் கஞ்சி எடுத்துப் போகிற அவசரத்தில் இருந்தாள். "கை வைக்கறதுக்கு நம்மகிட்ட இன்னும் என்ன அண்ணே இருக்கு? போய்ட்டு வா. எரிஞ்சு விழாம பேசு. என் வீட்டுக்காரர் படுத்திருக்கற படுக்கை உன் வாயிலதான் இருக்கு."

பாம்பு என்பது பட்டப்பெயர். மீட்புப் படையில் சேர்ந்த புதிதில் பாம்புச்செவி என்று ஆரம்பித்தார்கள்; போகப் போகச் செவி உதிர்ந்து வெறும் பாம்பு மிஞ்சியது. இடிந்து விழுந்த கட்டடத்தின் மேல் குப்புறப் படுத்து, கான்கிரீட்டில் காதை வைத்து, கீழே எங்கே உயிர் இருக்கிறது என்று சொல்வது அவர் வேலை. அவர் சொன்ன இடத்தில் துளை போட்டு, தலையை நுழைத்து, உடம்பை நெளித்து, ஆளை வெளியே இழுத்து வருவது எலியின் வேலை. எலி அவருடைய தங்கையின் கணவன். பாம்பு காட்டிய பொந்துக்குள் எலி நம்பி நுழைகிற ஒரே இடம் இந்த நிலையம்தான் என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி பேசுவார்கள்.

அவர்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. காது வைக்கிறவர் "மூச்சு!" என்று கத்துவார். உடனே அங்கே இருக்கிற எல்லாமே நின்றுவிட வேண்டும். கிரேன், வெட்டுகிற இயந்திரம், ஜெனரேட்டர், பேச்சு, நடை எல்லாம். தும்மல் வந்தால் விழுங்க வேண்டும், இருமல் வந்தால் பல்லைக் கடித்து அடக்க வேண்டும். காது வைத்தவர் ஒரு கையைத் தூக்கினால் கீழே உயிர் இருக்கிறது என்று பொருள். அந்த ஆளை வெளியே எடுக்கிற வரைக்கும் ஒருவரும் இடத்தைவிட்டு நகரக்கூடாது, யார் வந்து கூப்பிட்டாலும் சரி. இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே வைத்தால் இங்கே ஒருவரும் இல்லை. சாமான்களை எடுத்துக்கொண்டு அடுத்த குவியலுக்குப் போய்விட வேண்டியதுதான். இது அவர்கள் உடம்பில் ஊறிப்போன விஷயம். ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்கிற டைனமோ என்பவரின் மனைவி ஒருநாள் சமையலறையிலிருந்து "மூச்சு முட்டுது, ஜன்னலைத் திறங்க" என்று சத்தம் போட்டாள். அந்த ஆள் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, இருட்டில் அசையாமல் நின்றார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஊரில் ஒரு வணிக வளாகம் இடிந்து விழுந்தபோது இந்த வழக்கம்தான் பலரைக் காப்பாற்றியது. மாடி மாடியாக உட்கார்ந்துவிட்ட கட்டடம். பாம்பு காது வைத்தார், எலி உள்ளே போனான். சிமென்ட், கண்ணாடித் தூள், கல்நார் கூரை, எரிந்த பிளாஸ்டிக் எல்லாம் கலந்த தூசி, மாவு மில்லில் பறப்பது போலப் பறந்தது. முகமூடி கேட்டார்கள். வரும் என்றார்கள். வரவும் செய்தது, வேலையெல்லாம் முடிந்து நடந்த பாராட்டு விழாவுக்கு, மேடையில் மாட்டிக்கொண்டு நிற்பதற்கு.

இதற்கு நடுவில் ஒரு காரியம் நடந்துவிட்டது. இடிபாட்டில் பாதி வேலை நடந்துகொண்டிருக்கும்போதே தேர்தல் முடிவு வந்து ஆட்சி மாறியது. எலி ஒரு துளைக்குள் போகும்போது ஒரு கட்சி ஆண்டது; வெளியே வரும்போது வேறு கட்சி ஆண்டது. உள்ளேயிருந்து ஒரு அம்மாளை இழுத்து வந்தவனால் அதைக் கவனிக்க முடியவில்லை. பின்னால் அதுவே பெரிய வினையாக முடியும் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை.

அப்போது இரண்டு கட்சிகளும் போட்டி போட்டுக்கொண்டு, மீட்புப் பணியாளர்களின் நுரையீரலுக்கு 'உயிருள்ள வரை' சிகிச்சை என்று ஒரு நிதியை அறிவித்தன. கைதட்டல் அடங்கிய பிறகுதான், அடியில் பொடி எழுத்தில் 'ஆண்டுதோறும் மன்றத்தின் ஒப்புதலுக்கு உட்பட்டு' என்று சேர்த்திருந்தது தெரிந்தது. அதாவது ஆண்டுதோறும் மன்றம் ஒருமுறை கூடி, இவர்கள் மூச்சு விடலாமா கூடாதா என்று விவாதிக்கும். இந்த ஆண்டு விவாதம் முற்றி, ஒப்புதல் நின்றுபோனது. எலி மூக்கில் குழாயோடு நுரையீரல் வார்டில் கிடந்தான். மாதக் கடைசிக்குள் ஒப்புதல் வராவிட்டால் படுக்கையையும் பிராணவாயு இயந்திரத்தையும் வேறு நோயாளிக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். வருத்தத்தோடுதான் சொன்னார். அவருக்கும் மேலே ஒருவர் இருந்தார், அவருக்கும் மேலே இந்தக் குழு இருந்தது.

குழு கூடுகிற அறையில் நடந்தால் கால் புதைகிற கம்பளம். ஊசி விழுந்தால் கேட்காது. அறையே விழுந்தாலும் கேட்குமா என்று பாம்புக்குச் சந்தேகமாக இருந்தது. ஒருபுறம் ஆளுங்கட்சி உறுப்பினர், மறுபுறம் எதிர்க்கட்சி உறுப்பினர், நடுவில் தலைவர், அவருக்குக் கீழே செயலாளர். எல்லோர் முன்னாலும் தண்ணீர் பாட்டில் இருந்தது. சாட்சிக் கூண்டில் மைக் மட்டும்தான் இருந்தது.

தலைவர் எழுந்தார். "மாவீரர் அவர்களே! உங்கள் மூச்சு எங்கள் பேச்சு! எங்கள் பேச்சு உங்கள் மூச்சு!"

இரண்டாவது பாதி பாம்புக்கு நன்றாகப் புரிந்தது. இவர்கள் பேசி முடிப்பதற்குள் மாதக் கடைசி வந்துவிடும்.

"மீட்புப் பணியில் உடல்நலம் இழந்தோருக்கு மரியாதை செலுத்தும் வகையில் ஒரு நிமிடம் மௌனம் காப்போம்," என்றார் தலைவர். எல்லோரும் எழுந்து தலை குனிந்தார்கள். குளிர்காற்று நேராகப் பாம்பின் தொண்டையைத் தேடி வந்தது. பாதி நிமிடம் தாக்குப்பிடித்தார். அப்புறம் அடிவயிற்றிலிருந்து கிளம்பிய இருமல் மைக் வழியாக மண்டபம் முழுவதும் இடித்தது.

தலைவர் கண்ணைத் திறந்தார். "மௌனம் கலைந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது மரபு."

முதலிலிருந்து தொடங்கினார்கள். மறுபடியும் இருமல். மறுபடியும் முதலிலிருந்து. அடுத்த தடவை எதிர்க்கட்சி உறுப்பினர் கையைத் தூக்கி, மௌனத்தைக் கலைக்கும்படி சாட்சியை ஆளுங்கட்சி தூண்டிவிட்டதா என்று கேட்டார். சாட்சி இருமும்போது எதிர்க்கட்சிப் பக்கம் திரும்பி இருமினார், எனவே சைகை அங்கிருந்துதான் வந்திருக்கிறது என்றார் ஆளுங்கட்சி உறுப்பினர். சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. மரியாதையே செலுத்தி முடியாத நிலையில் விசாரணையைத் தொடங்குவது முறையல்ல என்று கூட்டத்தை ஒத்திவைத்தார்கள். நடவடிக்கைக் குறிப்பில் 'சாட்சி ஒத்துழைக்கவில்லை' என்று பதிவானது.

"என்ன அண்ணே சொன்னாங்க?" என்று தங்கை கேட்டாள்.

"உன் புருஷனுக்காக அரை நாள் நின்னாங்க," என்றார் பாம்பு. பொய்யில்லையே.

அடுத்த கூட்டத்தில் செயலாளர் முன்கூட்டியே பாம்பின் வாயில் ஓர் இருமல் மிட்டாயைப் போட்டு, மௌனத்தை ஒருவழியாகக் கரை சேர்த்தார். அன்று விவாதப் பொருள் தூசி.

"எங்கள் ஆட்சியில் கட்டடம் விழுந்தது உண்மை," என்றார் எதிர்க்கட்சி உறுப்பினர். "நாங்கள் மறுக்கவில்லை. நேர்மை எங்கள் ரத்தத்தில் ஓடுகிறது. ஆனால் விழுந்த தூசி அமைதியாகத் தரையில் படுத்திருந்தது. அதைக் கிளப்பியது, இவர்கள் பதவியேற்ற அவசரத்தில் அனுப்பிய கிரேன்கள்."

"நாங்கள் பதவியேற்பதற்கு முன்பே இவர்கள் மூச்சு விடத் தொடங்கிவிட்டார்கள்," என்றார் ஆளுங்கட்சி உறுப்பினர். "முந்தைய ஆட்சியில் இழுத்த மூச்சுக்கு இந்த ஆட்சி எப்படிப் பொறுப்பாகும்?"

தலைவர் பாம்பின் பக்கம் திரும்பினார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க மூச்சை உள்ளே இழுத்தது எந்த ஆட்சியில? வெளியே விட்டது எந்த ஆட்சியில?"

பாம்பு நல்லா யோசித்தார். "உள்ள இழுத்தது போன ஆட்சியிலங்க. இன்னும் முழுசா வெளிய விடல."

குழு இதைக் குறித்துக்கொண்டது. சாட்சி முந்தைய ஆட்சியின் சொத்தை இன்னும் வைத்திருக்கிறாரா என்று ஒரு துணைக்கேள்வி எழுந்தது. நல்லவேளையாகச் செயலாளர் ஒரு சமரசத் திட்டத்தோடு எழுந்தார். மனிதனுக்கு நுரையீரல் இரண்டு, கட்சியும் இரண்டு. இடது நுரையீரலுக்கான செலவை முந்தைய ஆட்சி செய்த ஒதுக்கீட்டிலிருந்தும், வலது நுரையீரலுக்கான செலவை இன்றைய ஆட்சியின் ஒதுக்கீட்டிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். எலியின் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்கள். நடுவில் கோடு போட ஸ்கேல் கொண்டுவரச் சொன்னார்கள். கோடு இதயத்தின் மேல் விழுந்தது. இதயத்தைப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம் என்று தலைவர் பெருந்தன்மையோடு சொல்ல, மேசையைத் தட்டினார்கள்.

சமரசம் கைகூடுகிற நேரத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒரு சந்தேகம் கிளப்பினார். "இடது என்றால் பார்ப்பவருக்கு இடதா, படுத்திருப்பவருக்கு இடதா?"

இரண்டு நுரையீரலில் ஒன்று கொஞ்சம் பெரியது என்று யாரோ சொல்ல, பெரியது தங்கள் தலையில் விழக்கூடாது என்று இரண்டு பக்கமும் எழுந்து நின்று கத்தின. எலியின் எக்ஸ்ரே கைக்குக் கை மாறி, ஒருமுறை தலைகீழாகவும் போனது.

உணவு இடைவேளையில் பாம்பு தூணோரம் ஒதுங்கி நின்றார். அறையின் மறுகோடியில் இரண்டு உறுப்பினர்களும் தோளில் கை போட்டுக்கொண்டு கிசுகிசுத்தார்கள். மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது. பாம்புக்குக் கேட்டது.

"முழங்கால் எப்படி இருக்கு?" என்றார் எதிர்க்கட்சி உறுப்பினர்.

"ரெண்டையும் மாத்திட்டேன். இப்ப ஓடலாம் போல இருக்கு. எல்லாம் மன்றச் செலவுலதான். நீங்களும் மாத்திக்குங்களேன்."

"எனக்கு இன்னும் வலிக்க ஆரம்பிக்கலையே."

"வலிக்கற வரைக்கும் ஏன் காத்திருக்கணும்?"

கூட்டம் மறுபடி கூடியதும் பாம்பு மைக்கை இழுத்துக்கொண்டார். தங்கை சொன்னது நினைவிருந்தது. எரிந்து விழாமல், மரியாதையாகத்தான் ஆளுங்கட்சி உறுப்பினரிடம் கேட்டார். "ஐயா, ஒரு சந்தேகம். ஐயாவோட முழங்கால் எந்த ஆட்சியில தேஞ்சது?"

கம்பளத்தில் தண்ணீர் பாட்டில் ஒன்று உருண்டது. தலைவர் தொண்டையைச் செருமினார். அவர் தொண்டையைச் செருமியதற்கு யாரும் மௌனத்தை முதலிலிருந்து தொடங்கவில்லை. "முழங்கால் கட்சி சார்பற்றது," என்றார். "மக்களுக்காக நடந்து நடந்து தேய்ந்தது. நுரையீரல் அப்படியல்ல. அது காற்றோடு தொடர்புடையது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை வைத்துத்தான் அரசியலே நடக்கிறது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நாங்கள் உங்களைச் சந்தேகப்படவில்லை, மாவீரரே. சந்தேகம் எதுவும் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளத்தான் விசாரிக்கிறோம்."

மாவீரர் என்றதும் பாம்பின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது.

போனது வீண்போகவில்லை. மறுநாள் வார்டுக்குப் போனால், எலியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். மடியில் அட்டை, கையில் பேனா. குழு அனுப்பிய இருமல் ஆய்வாளர். எலி தங்கையின் கையிலிருந்த கஞ்சியை ஒதுக்கிவிட்டு, குழாய்க்கு நடுவில் சிரித்தான். இளைத்து, தோளெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. சிரிப்பு மட்டும் பழைய எலி.

"வா மச்சான். ஆளில்லாதப்பவும் நான் இருமறேனான்னு பாக்கறதுக்கு ஆள் போட்டிருக்காங்க."

"கடமை," என்றார் ஆய்வாளர், தலை நிமிராமல். "யாராவது பார்க்கும்போது மட்டும் இருமுகிறாரா என்று தெரிய வேண்டும்."

"நீங்க பாத்துட்டுத்தானே இருக்கீங்க?" என்றார் பாம்பு.

"நான் பார்ப்பதாகக் கணக்கில்லை. வீட்டில் பெருக்கும்போது தூசி வருமா? தலையணையில் பஞ்சா, நுரையா? இந்தக் கேள்விக்கெல்லாம் உங்கள் தங்கை கோபப்படுகிறார். கோபத்தாலும் மூச்சு வாங்கும் என்று ஒரு கருத்து இருக்கிறது."

ஆய்வாளருக்கே லேசாக ஒரு வறட்டு இருமல் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் அவர் மன்றத்தின் நிரந்தர ஊழியர். அவருடைய இருமல் எந்த ஆட்சியைச் சேர்ந்ததாக இருந்தாலும் முழுச் செலவும் உண்டு.

எலி பாம்பின் விரலைப் பிடித்துக்கொண்டான். "எனக்கு ஒண்ணும் பயமில்ல மச்சான். எவ்வளவு சின்னப் பொந்துக்குள்ள போயிருக்கேன். ஆனா அங்கல்லாம் மேல நீ காது வச்சுக் கேட்டுட்டிருப்பேன்னு தெரியும். இங்க மேல யாரு கேக்கறாங்கன்னே தெரியல."

"நான்தான் மாப்ள கேக்கறேன்," என்று பாம்பு சொல்ல நினைத்தார். சொல்லியிருந்தால் தங்கை முன்னால் உடைந்திருப்பார் என்பதால் சொல்லவில்லை.

மறுபடி மன்றத்துக்குப் போனபோது செயலாளர் அவரைத் தனியே அழைத்துக் காபி கொடுத்தார். குழுவிலேயே மனிதர் போல இருந்தவர் அவர்தான். அதனால் பாம்பு அவரைக் கொஞ்சம் கூடுதலாகச் சந்தேகப்பட்டார். காபியை அவர் குடித்த பிறகுதான் இவர் குடித்தார்.

"உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு ஒரு நல்ல விஷயம் காட்டறேன்," என்று செயலாளர் ஒரு துணியை விலக்கினார். மேசை மேல் ஒரு தூணின் மாதிரி வடிவம். கறுப்புக் கல், பளபளவென்று. "மாவீரர் நினைவுத் தூண். இதுக்கு மட்டும் ரெண்டு கட்சியும் ஏகமனதா ஒப்புதல் குடுத்துட்டாங்க. பாருங்க, உயிரோட இருக்கறவங்க விஷயத்துலதான் கருத்து வேறுபாடு. இறந்தவங்க விஷயத்துல எங்க மன்றத்துல என்னைக்குமே சண்டை வந்ததில்ல. செலவு ஒரே தடவையோட முடிஞ்சுடும் பாருங்க."

பாம்பு குனிந்து பார்த்தார். தூணின் மேல்பாதியில் அன்று இடிபாட்டிலேயே உயிர்விட்ட தோழர்களின் பெயர்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்தார். கீழ்ப்பாதி மொட்டையாக, கண்ணாடி போல மினுங்கியது. அதில் அவர் முகமே தெரிந்தது.

"இது எதுக்கு சார் காலியா விட்டிருக்கீங்க?"

"அது..." செயலாளர் துணியை மூடினார். "எதிர்காலத் தேவைக்கு."

பாம்பு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டு போனார். எலி மூச்சு விடுவதற்கு இடம் ஒதுக்க முடியாதவர்கள், எலியின் பெயருக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். இதுவரை அவருக்கு வந்ததெல்லாம் சந்தேகம். இப்போது வந்தது பயம்.

மறுநாள் வார்டில் தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். அவள் கண் சிவந்திருந்தது. "கல்லு வெட்டறவர் ஒருத்தர் வந்தாரு அண்ணே. நல்ல மனுஷன்தான். இவர் பேரை எப்படி எழுதணும், இனிஷியல் முன்னால போடணுமா, பின்னால போடணுமான்னு கேட்டாரு. கல்லுல தப்பு வந்தா அழிக்க முடியாதாம், அதான் ஆள் இருக்கும்போதே கேட்டுக்கறாராம். நான் என்ன சொல்றதுன்னு தெரியாம எழுதிக் குடுத்துட்டேன்." அவள் குரல் உடைந்தது. "எழுதிக் குடுத்துட்டேன் அண்ணே."

"எனக்கு இனிஷியல் முன்னாலதான் வேணும்," என்றான் எலி கட்டிலிலிருந்து. "பின்னால போட்டா ஆள் மாறிடும்." ஒருவரும் சிரிக்கவில்லை. ஆய்வாளர்கூடப் பேனாவை மூடிவைத்தார்.

மாதக் கடைசி நாளில் கடைசிக் கூட்டம். மீட்புப் படையினர் எல்லோரையும் சீருடையில் வரச் சொல்லிப் பார்வையாளர் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். தொலைக்காட்சிக் கேமராக்கள் வந்திருந்தன. மன்றத்தின் மின் அறையில் அவசரக் காவலுக்கு அவர்கள் நிலையத்திலிருந்தே ஒருவரைப் போட்டிருந்தார்கள். டைனமோ. உள்ளே நடப்பது அவருக்குச் சுவரிலிருந்த ஒலிபெருக்கி வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

தலைவர் மூச்சுக்கு முந்நூறு தரம் மாவீரர் என்று சொல்லி நெகிழ்ந்தார். தன் கண்களில் நீர் நிற்பதாகவும், கேமரா அதைக் கவனிக்க வேண்டும் என்றும் குறிப்பால் உணர்த்தினார். பிறகு தீர்மானங்களை வாசித்தார். ஒன்று, நினைவுத் தூண் ஏகமனதாக நிறைவேறியது. இரண்டு, சிகிச்சை நிதி பற்றிய முடிவு, இடது எது வலது எது என்பதை ஆராய அமைக்கப்படும் நிபுணர் குழுவின் அறிக்கை வரும் வரை ஒத்திவைக்கப்படுகிறது. "இதனால் யாருக்கும் எந்தப் பாதிப்பும் இல்லை. நிதி மறுக்கப்படவில்லை. நிதி காத்திருக்கிறது. நமது வீரர்களும் அதே பொறுமையோடு காத்திருப்பார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இருக்கிறது. அவர்களுக்காக நிறைவாக ஒரு நிமிடம் மௌனம்..."

செயலாளர் மிட்டாயோடு சாட்சிக் கூண்டுப் பக்கம் ஓடிவந்தார். பாம்பு அவர் கையை விலக்கினார். சாயங்காலம் இயந்திரத்தை எடுக்க வருவார்கள். தங்கை அங்கே தனியாக இருக்கிறாள். இந்த அறையில் இத்தனை பேர் இத்தனை நாளாகப் பேசியிருக்கிறார்கள். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று ஒருதரமாவது முறைப்படி கேட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. வேறொன்றும் திட்டமில்லை. மைக்கில் வாயை வைத்தார்.

"மூச்சு!"

பார்வையாளர் வரிசையில் சீருடைகள் அப்படியே உறைந்தன. தூக்கிய கை தூக்கியபடி, திறந்த வாய் திறந்தபடி. மின் அறையில் டைனமோவின் கை, அவரைக் கேட்காமலே போய் மெயின் சுவிட்சை இழுத்தது. குளிர்சாதனம் நின்றது. விசிறி நின்றது. கேமரா நின்றது. விளக்கு போனது. ஜன்னல் திரை வழியாக வந்த கொஞ்சம் வெளிச்சத்தில், அந்த அறை கட்டப்பட்ட நாளிலிருந்து இருந்திராத அமைதி வந்து உட்கார்ந்தது.

பாம்பு கூண்டிலிருந்து இறங்கி, கம்பளத்தின் ஓரத்தைப் புரட்டி, தரையில் குப்புறப் படுத்தார். காதை வைத்தார். கேட்டார். தலைவரின் கடிகாரம் ஓடியது. யாருடைய வயிறோ பசியில் உறுமியது. ஒரு செல்போன் பையில் நடுங்கியது. ஆளுங்கட்சிப் பக்கம் ஒரு புது முழங்கால் லேசாகக் கிறீச்சிட்டது. அவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு, பழகின பொறுமையோடு, இன்னும் ஆழத்தில் கேட்டார். இடிபாட்டில் கடைசி நாளன்றுகூட அவர் இவ்வளவு நேரம் காது வைத்ததில்லை. அவசரப்பட்டு ஒரு உயிரைத் தவறவிட்டுவிடக் கூடாதல்லவா.

எழுந்தார். முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். இரண்டு கைகளையும் மார்புக்குக் குறுக்கே வைத்தார்.

படையினர் எழுந்தார்கள். தொப்பியை எடுத்துக்கொண்டு, நாற்காலியை மடக்கிவைத்துவிட்டு, அடுத்த குவியலுக்குப் போகிற ஒழுங்கோடு வரிசையாக வெளியேறினார்கள்.

விளக்கு வந்ததும் முதலில் பேசியவர் எதிர்க்கட்சி உறுப்பினர். "கவனித்தீர்களா? அவ்வளவு நேரம் ஒருவர்கூட இருமவில்லை!"

"அதையே சொல்ல நினைத்தேன்," என்றார் ஆளுங்கட்சி உறுப்பினர். "நினைத்தால் இருமாமல் இருக்க முடிகிறது."

நிதிப் பிரச்சினையில் இரண்டு கட்சிகளும் ஒத்த கருத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. தலைவர் இருவரையும் பாராட்டினார். ஒரு நிமிட மௌனம் முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டதாக நடவடிக்கைக் குறிப்பில் நன்றியோடு பதிவானது.

வெளியே படியிலேயே அடக்கிவைத்த இருமலெல்லாம் ஒன்றாக வெடித்தது. ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொடுத்தார்கள். "இப்ப எங்க?" என்று டைனமோ கேட்டார். பாம்பு மருத்துவமனைப் பக்கம் நடந்தார். எல்லோரும் பின்னால் போனார்கள்.

நுரையீரல் வார்டில் பெரிய டாக்டர், கையில் உத்தரவோடு எலியின் கட்டிலருகே நின்றார். இரண்டு உதவியாளர்கள் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு போகச் சக்கர வண்டி கொண்டுவந்திருந்தார்கள். தங்கை வண்டிக்கும் கட்டிலுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். கத்திக் கத்தி அவள் குரல் கம்மிவிட்டிருந்தது. அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். அவர் முகத்திலேயே பதில் இருந்தது.

"எனக்கு வேற வழி இல்லைங்க," என்றார் பெரிய டாக்டர்.

பாம்பு தலையாட்டினார். கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டார்.

"மூச்சு!"

வார்டு நின்றது. படையினர் நின்ற இடத்தில் நின்றார்கள். எதற்கென்று தெரியாமலே உதவியாளர்கள் வண்டியை விட்டார்கள். பக்கத்துக் கட்டில்காரர்கள் முனகலை அடக்கினார்கள். ஆய்வாளர் வறட்டு இருமலை விழுங்கினார். டைனமோவின் கை சுவர்ச் சுவிட்சை நோக்கிப் போனதை மட்டும் இருவர் சேர்ந்து பிடித்துக்கொண்டார்கள்.

பாம்பு எலியின் நெஞ்சில் காதை வைத்தார். இடதுபுறம் கேட்டார், வலதுபுறம் கேட்டார். ஈர மணலைச் சல்லடையில் சலிப்பது போல ஒரு சத்தம். மெல்லியது, அடைத்துக்கொண்டது, நின்று நின்று வருவது. ஆனால் வந்தது. எலி கண்ணைத் திறந்து, தலைக்கு மேலே மச்சானின் காதைப் பார்த்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

பாம்பு ஒரு கையைத் தூக்கினார்.

படையினர் கட்டிலைச் சுற்றித் தோளோடு தோள் சேர்த்து நின்றார்கள். சீருடைச் சுவருக்கு வெளியே மாட்டிக்கொண்ட பெரிய டாக்டர், உத்தரவை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிப் பார்த்தார். பிறகு, ஏனோ, அவரும் கிசுகிசுப்பாகத்தான் கேட்டார்.

"எவ்வளவு நேரம் இப்படியே நிக்கப் போறீங்க?"

பாம்பு கையை இறக்கவில்லை.

"ஆளை வெளிய எடுக்கற வரைக்கும் சார்."